வராத நோய்க்கு ஒரு வைத்தியர்

"மௌலவி, இந்த டொக்டர் புள்ள எந்த ஆசுபத்திரியில இரிக்கா?"

ஒலுவில் துறைமுகத்துக்குப் போகும் வீதியோரம் உள்ள ஒரு மண்டபத்தில் அண்மையில் ஒரு பாராட்டு விழா நடைபெற்றது. பொதுச் சுகாதாரத் துறையில் பட்டம் பெற்று, பல்லாண்டு காலம் உழைத்து, உயர்ந்த பொறுப்புகளுக்கு வந்திருக்கும் எமது பகுதிப் பிள்ளைகள் மூவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர்களுள் ஒருவர் பெண். கிராஅத் ஓதுவதற்கும் துஆச் செய்வதற்கும் அடியேனை அழைத்திருந்தார்கள். தேநீர் இடைவேளையின்போது பெண்கள் பக்கத்தின் முன்வரிசையிலிருந்து எங்கள் அயல்வீட்டுப் பெத்தா கைகாட்டி என்னைக் கூப்பிட்டார். என் உம்மாவின் தோழி. எண்பதைத் தாண்டியவர். மேலே உள்ள கேள்வியைக் கேட்டவர் அவர்தான்.

"அவ ஆசுபத்திரியில இல்ல பெத்தா. நோய் வராமப் பாத்துக்கொள்ற டொக்டர்" என்றேன்.

பெத்தா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "வராத நோய்க்கு என்னத்துக்கு மகன் டொக்டர்?" என்று கேட்டார்.

பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில் அதற்கு முன் இரண்டு மணித்தியாலம் மேடையில் பேசிய எவரும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. பட்டங்களை வாசித்தார்கள். பார்த்துவந்த நாடுகளை எண்ணினார்கள். "ஊருக்குப் பெருமை" என்றார்கள். இவர்கள் செய்த வேலை என்ன, அதனால் சபையில் இருக்கும் ஓர் உம்மாவுக்குக் கிடைத்தது என்ன என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு மருத்துவம் கிடைத்த பிள்ளையின் படத்தைச் சந்திக்குச் சந்தி பெனர் கட்டித் தொங்கவிடுகிறோம். நல்லதுதான், பிள்ளைகளுக்கு அது உற்சாகம். ஆனால் அதே பிள்ளை படித்து முடித்து, நோயாளியைப் பார்க்கும் வேலையை விட்டு, சமுதாய மருத்துவம் படிக்கப் போகிறேன் என்றால் வீட்டிலேயே முகம் வாடிவிடுகிறது. "பிரைவட் கிளினிக் போட ஏலாதே, அதைப் படிச்சு என்ன லாபம்?" என்கிறார்கள். இந்தப் படிப்பு இலேசானதும் அல்ல. எம்.பி.பி.எஸ். முடித்த பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் முதுமாணியும் அதற்கு மேலே எம்.டி.யும் படிக்க வேண்டும். சொந்தமாக ஓர் ஆய்வு செய்து சமர்ப்பிக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு கிடைப்பது, ஊரில் எவரும் அடையாளம் காணாத ஒரு பதவி!

பெத்தாவுக்கு நான் இப்படிப் பதில் சொல்ல முயன்றேன்.

"பெத்தா, சுனாமி வந்த நேரம் நீங்க எங்க இருந்தீங்க?"

"பள்ளிக்கூடத்துக் கேம்பிலதான் மகன். ஒரு கிளாஸ் ரூமுக்குள்ள எத்தின குடும்பம்! அல்லாஹ் காப்பாத்தினான்."

"அந்தக் கேம்பில கொலரா வந்திச்சா?"

"இல்லியே."

"வயித்தோட்டம் வந்து புள்ளையள் மௌத்தானதா?"

"இல்ல மகன். அப்பிடி ஒண்டும் நடக்கல்ல."

2004 டிசம்பர் 26ஆம் திகதியை எங்கள் கரையோரத்துக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மௌத்தாகினர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கங்களில் ஜனாஸா இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருந்தது. அந்த நாட்களில் உலக சுகாதார நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர், அலையில் இறந்தோரின் அளவுக்கு இனித் தொற்றுநோயாலும் இறக்கக்கூடும் என்று எச்சரித்தார். அது வெறும் பயமுறுத்தல் அன்று. கிணறெல்லாம் உப்பும் சேறும் சடலமுமாகக் கிடந்தன. மலசலகூடங்கள் இடிந்து போயிருந்தன. ஒரு பாடசாலையில் நூற்றுக்கணக்கானோர் நெருக்கியடித்து இருந்தார்கள். பேதியும் கொலராவும் பரவ இதைவிடத் தோதான இடம் வேண்டுமா?

ஆனால் இலங்கையில் அந்தப் பெருந்தொற்று வரவில்லை. ஏன் வரவில்லை? கிணறுகளை இறைத்துக் குளோரின் போட்டார்கள். பவுசர் தண்ணீரைச் சோதித்தார்கள். தற்காலிக மலசலகூடங்களை எங்கே வெட்டுவது, எத்தனை வெட்டுவது என்று கணக்குப் பார்த்தார்கள். ஒவ்வொரு முகாமிலும் யாருக்கு வயிற்றோட்டம், யாருக்குக் காய்ச்சல் என்று நாள்தோறும் எழுதிக்கொண்டு போனார்கள். பி.எச்.ஐ. மாரும், மிட்வைப் மாரும், அவர்களுக்கு மேலிருந்த சுகாதார வைத்திய அதிகாரிகளும் செய்த வேலை அது. அவர்களில் எத்தனையோ பேர் தங்கள் சொந்த வீட்டையும் பிள்ளையையும் கடலுக்குக் கொடுத்தவர்கள்.

"அதுதான் பெத்தா, வராத நோய்க்கு டொக்டர்" என்றேன்.

பெத்தா ஒன்றும் பேசவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

பதினேழு பேரின் கதை

சகோதரிகளே, வந்த நோயைக் குணமாக்கியவரை ஆயுள் முழுக்க மறக்கமாட்டோம். நோய் வராமல் தடுத்தவரை ஒருநாளும் அறியமாட்டோம். இது மனித சுபாவம். இதனால் வரும் ஆபத்து பெரியது.

எங்கள் நாட்டு மலேரியாவின் சரித்திரத்தைப் பாருங்கள். 1934-35இல் வந்த மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. பின்னர் மருந்தடித்து, இரத்தம் சோதித்து, வீடு வீடாக அலைந்து அதனை அடக்கினார்கள். 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் கண்டுபிடிக்கப்பட்ட மலேரியா நோயாளர் எத்தனை பேர் தெரியுமா? 17 பேர்! அப்புறம் என்ன, நோய் போய்விட்டது என்று நினைத்து மருந்தடிப்பதைக் கைவிட்டார்கள். கவனம் தளர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஆண்டொன்றுக்கு 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மலேரியாவில் படுத்தார்கள்.

வேலை நன்றாக நடந்தது. நடந்ததனாலேயே அது தேவையில்லாதது போலத் தோன்றிவிட்டது. இந்தத் துறையின் சோதனையே இதுதான்.

மீண்டும் அடியிலிருந்து தொடங்கினார்கள். யுத்த காலத்திலும் விடவில்லை. வடக்குக் கிழக்கில் இரு பக்கத்துத் துப்பாக்கிகளுக்கும் நடுவே மருந்தடிக்கும் பணியாளர்களும் இரத்தம் எடுப்போரும் போய் வந்தார்கள். 2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றிய மலேரியா எதுவும் கண்டறியப்படாத நிலையில், 2016 செப்டெம்பரில் இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் சான்றுப்படுத்தியது. வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருபவரின் இரத்தத்தை இன்றும் சோதிக்கிறார்கள். 1963இல் படித்த பாடம்.

போலியோவும் அப்படித்தான். 1993க்குப் பிறகு இந்நாட்டில் போலியோ நோயாளி ஒருவர்கூட இல்லை. காலை இழுத்து இழுத்து நடந்த ஒரு மாமாவோ மாமியோ என் வயதுக்காரர் ஒவ்வொருவரின் ஞாபகத்திலும் இருப்பார். இன்று எங்கள் பிள்ளைகளின் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இல்லை. அந்தப் பிள்ளை ஏன் இல்லை என்று நாங்கள் ஒருபோதும் கேட்டதில்லை.

உங்கள் அலுமாரியில் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு ஒரு புத்தகம் இருக்குமே, மகனென்றால் நீலம், மகளென்றால் ரோசா நிறம். பிறந்த நிறை, பி.சி.ஜி. ஊசி, இரண்டாம் மாதம், நாலாம் மாதம், ஆறாம் மாதம், ஒன்பதாம் மாதம் என்று ஒவ்வோர் ஊசியும் அதில் எழுதப்பட்டிருக்கும். வளர்ச்சிக் கோடு மேலே போகிறதா, சரிகிறதா என்று புள்ளி வைத்திருக்கும். நிறை குறைந்தால் திரிபோஷா தருவார்கள். அந்தப் புத்தகம்தான் பொதுச் சுகாதாரத்துறை உங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும் அடையாளம். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவைத் தொடங்கியபோது விதைத்த விதை இப்படி வீட்டுக்கு வீடு முளைத்திருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் மௌத்தானார்கள். இன்று அந்தக் கணக்கு ஏறத்தாழ 30, 40 என்ற அளவில் நிற்கிறது. இலவச வைத்தியமும் பெண்கல்வியும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் இதில் பங்காளிகள் என்பது உண்மைதான். ஆனால் கர்ப்பவதியைத் தேடி அவள் வாசலுக்கே வந்தவர் மிட்வைப்தான்.

மறக்க முடியாத காயம்

இந்த இடத்தில் ஒரு சகோதரி எழுந்து என்னிடம் கேட்கலாம். "மௌலவி, சுகாதாரம் சுகாதாரம் என்று சொல்லித்தானே எங்கள் ஜனாஸாக்களை எரித்தார்கள்?"

நியாயமான கேள்வி. இதை ஒளித்துவிட்டு இந்தத் துறையினரைப் புகழ்ந்தால் என் பேனாவுக்கு வெட்கம்.

கொவிட் பரவத் தொடங்கிய 2020இல், நல்லடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருக்க, எங்கள் நாட்டில் எரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்று காரணம் சொன்னார்கள். 2020 டிசம்பரில் பிறந்து 20 நாளேயான ஒரு பச்சிளம் சிசுவைக்கூட, பெற்றோரின் சம்மதமின்றி எரித்தார்கள். பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டி அழுதார்கள். முஸ்லிம்கள் மட்டும் கட்டவில்லை. சிங்களச் சகோதரர்களும் தமிழ்ச் சகோதரர்களும் கட்டினார்கள். அந்த மாதங்களில் காய்ச்சல் வந்தாலும் எம் பெண்கள் வெளியே சொல்லப் பயந்தார்கள். பி.எச்.ஐ.யின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கதவைச் சாத்தினார்கள். நோயைவிட எரிப்புக்குத்தான் பயம். 270க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன.

ஆனால் கதையின் மற்றப் பாதியையும் சொல்ல வேண்டும். அந்த முடிவு அறிவின் முடிவு அன்று. இலங்கைச் சமுதாய மருத்துவர் கல்லூரி என்று ஓர் அமைப்பு உண்டு. பெயர் கல்லூரி என்றாலும் அது பாடசாலை அல்ல. பொதுச் சுகாதாரத்தில் உயர் பட்டம் பெற்ற வைத்தியர்களின் சங்கம். அதில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். 2020 முடிந்து 2021 பிறந்த அந்த நாட்களில், நல்லடக்கத்தால் கொவிட் பரவும் என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று அவர்கள் எழுத்தில் வெளியிட்டார்கள். இலங்கை மருத்துவச் சங்கமும் அதே கருத்தைச் சொன்னது. பேராதனையில் மருத்துவம் படித்து, 2003இல் சார்ஸ் கிருமியைக் கண்டறிந்தோரில் முன்னின்றவரும், ஹொங்கொங் பல்கலைக்கழகப் பொதுச் சுகாதாரக் கல்லூரியின் பேராசிரியருமான மலிக் பீரிஸ், வைரஸ் உயிருள்ள கலங்களில்தான் பெருகும் என்பதை எடுத்துக்காட்டி, அடக்கம் செய்வதால் ஆபத்து இல்லை என்றார்.

அரசாங்கம் ஒரு பக்கம் உறுதியாக நிற்க, ஒரு சிறுபான்மையின் மையித்துக்காக வாய் திறப்பது இலேசான காரியமா? 2021 பெப்ரவரி 25இல் வர்த்தமானி மாறியது. மார்ச் 5இல் ஓட்டமாவடியில் முதலாவது நல்லடக்கம் நடந்தது. அதற்குப் பல காரணங்கள் இருந்தன. வெளிநாட்டு அழுத்தமும் ஒரு காரணம். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்பும் கேட்டது. இவற்றுக்கிடையே, படித்த படிப்புக்கு உண்மையாக நின்ற அந்த வைத்தியர்களை நாங்கள் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? ஒரு ஜும்ஆவில் அவர்களுக்காக நானும் துஆக் கேட்டதில்லை. மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராகமாட்டார் என்ற கருத்தில் வந்த நபிமொழியை மாணவர்களுக்கு ஓதிக்கொடுப்பவன் நான்.

தொற்றுநோய்க் காலத்து ஒழுங்கு எங்கள் மார்க்கத்துக்குப் புதிதும் அல்ல. ஓர் ஊரில் கொள்ளைநோய் இருப்பதாகக் கேள்விப்பட்டால் அங்கே போகவேண்டாம், நீங்கள் இருக்கும் ஊரில் வந்தால் தப்பி ஓடவும் வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஷாம் தேசத்துக்குப் புறப்பட்ட உமர் (ரலி) அவர்கள் கொள்ளைநோய்ச் செய்தி கேட்டுப் பாதிவழியில் திரும்பியபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குப் போகிறோம் என்று உமர் (ரலி) பதிலளித்தார்கள். பெண்களுக்கும் இதில் பங்கு இருந்தது. அகழ் யுத்தத்தில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, மஸ்ஜிதுந் நபவியில் அமைந்த ருபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில்தான் கிடத்தினார்கள். ஷிபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்களிடம் மதீனாச் சந்தையின் சில பொறுப்புகளை உமர் (ரலி) ஒப்படைத்ததாகவும் அறிவிப்புகள் உண்டு. இந்தக் காலத்து மொழியில் சொன்னால் அந்தப் பொறுப்பில் பாதி பி.எச்.ஐ. வேலைதானே!

நான் சொன்ன ஒரு பதில்

இப்போது என் பக்கத்துத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு வாப்பா என்னிடம் வந்தார். மீன்பிடித் தொழிலாளி. மகள் உயர்தரம் பாஸ். மிட்வைப் பயிற்சிக்குத் தெரிவாகியிருந்தாள். ஒன்றரை வருடம். தூர ஊர், விடுதி, சிங்களச் சூழல். "அனுப்பலாமா மௌலவி?" என்று கேட்டார்.

நான் கிதாபைப் புரட்டவில்லை. விடுதியில் தொழுகைக்கு இடமிருக்கிறதா, கூட எங்கள் பிள்ளைகள் போகிறார்களா, யார் கொண்டுபோய் விடுவார்கள் என்று ஒன்றையும் விசாரிக்கவில்லை. "பொம்புளப் புள்ள, எதுக்கு வீண் கரச்சல்?" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த மனிதர் அதைப் பத்வாவாக எடுத்துக்கொண்டார். அந்த இடம் வேறு யாருக்கோ போயிற்று.

பின்னர் எங்கள் மகள் பிறக்கும் நேரம் வந்தது. என் மனைவியைப் பார்க்க லேடி டொக்டர் இருக்கிறாரா, பெண் தாதி இருக்கிறாரா, மிட்வைப் எங்கள் ஆளா என்று முதலில் கேட்டவன் நானேதான். அன்றிரவு எனக்கு அந்த வாப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. எங்கள் பெண்களைப் பெண்களே பார்க்க வேண்டும், ஆனால் அந்தப் பெண் எங்கள் வீட்டிலிருந்து போகக்கூடாது. இது என்ன கணக்கு?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் மருத்துவத்தைப் பர்ளு கிபாயா என்கிறார்கள். ஊரில் ஒருவராவது செய்ய வேண்டும், ஒருவரும் செய்யாவிட்டால் எல்லோர் மீதும் குற்றம். எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் வைத்தியரே இல்லாதிருக்க, எல்லோரும் பிக்ஹுச் சட்டம் படிக்கவே முண்டியடிக்கிறார்களே என்று அவர்கள் அன்றே வருந்தியிருக்கிறார்கள். அரபுக் கல்லூரியில் அந்தப் பகுதியை ஓதியவன்தான் நான். ஓதியது ஒரு பக்கம், சொன்னது இன்னொரு பக்கம்.

அந்தப் பிள்ளை இன்று மூன்று பிள்ளைகளின் தாய். நல்லாத்தான் இருக்கிறாள். ஒருமுறை அவள் வாப்பாவைத் துறைமுகத்தில் கண்டேன். 2013இல் பெரிய விழாவோடு திறந்த துறைமுகம் அது. வாயில் மணல் மூடிப் படகுகள் போகவர வழியில்லாத ஒரு நேரம். மணலைப் பார்த்துக்கொண்டு நின்றவரிடம் அந்தப் பழைய விஷயத்தை எடுத்து, தவறாகச் சொல்லிவிட்டேன் என்றேன். "அது அல்லாஹ்ட நாட்டம் மௌலவி" என்றார். பிறகு, "இளைய மகள்ட மகள் நல்லாப் படிக்கிறா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

விழாவுக்கு வருகிறேன். பெத்தாவுடன் பேசிவிட்டுத் திரும்பியபோது மண்டபத்தின் கடைசி வரிசையில் எங்கள் பகுதி மிட்வைப் இருப்பதைக் கண்டேன். ஓய்வுபெறும் வயதை நெருங்குகிறவர். மேடையில் பொன்னாடை பெற்ற அந்தப் பெண் வைத்தியர் பிறந்தபோது வீட்டுக்கு வந்து நிறை பார்த்தவர் இவர்தான் என்பது அவ்வூரார் பலருக்குத் தெரியும். ஏற்பாட்டாளர்களுக்கு அது தோன்றவில்லை. பட்டம் இல்லாதவர், ஆகவே பட்டியலிலும் இல்லை. விழாக் குழுச் செயலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், பதறிவிட்டார். "பொன்னாடை ஒண்டும் மிச்சமில்லியே மௌலவி!"

அதற்குள் ஏற்புரைக்கு அந்தப் பெண் வைத்தியரை அழைத்தார்கள். அவர் சுருக்கமாகப் பேசினார். பேச்சின் நடுவே பின்வரிசையைப் பார்த்து, "மிஸ் வந்திருக்கிறாங்க, எழும்பி நில்லுங்க மிஸ்" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கதிரை காலியாக இருந்தது.

நான் வெளியே வந்தேன். மிட்வைப் ஸ்கூட்டரில் பையைக் கொளுவிக்கொண்டிருந்தார். "உள்ளே உங்களைத்தான் கூப்பிடுறாங்க, கொஞ்சம் நில்லுங்க" என்றேன்.

"ஏலாது மௌலவி. ஹார்பர் பக்கம் ஒரு வீட்டில புள்ள பொறந்து அஞ்சு நாள். தாய்க்கு ராவு காய்ச்சலாம், கோல் எடுத்தாங்க. அசறுக்கு முன்னம் போய்ப் பாக்கோணும்."

ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு துறைமுக வீதியில் போய்விட்டார்.

உள்ளே வந்தபோது விழா முடியும் தறுவாயில் இருந்தது. பெத்தா அந்தப் பெண் வைத்தியரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "மகள், எங்கட கிணத்துத் தண்ணி சுனாமிக்குப் புறகு ஒரு மாதிரித்தான் இரிக்கி. ஒருக்கா வந்து பாப்பீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.